வேலையும் கல்லூரியும் ஒன்றாக: ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் மருந்தைத் தேர்வு செய்வது எப்படி?

காலையில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலை. மதியத்துக்கு மேல் இரண்டாம் ஷிப்ட் கல்லூரி, அல்லது பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்பு. நம் குடும்பங்களில் இப்படிப் படிக்கும் பிள்ளைகள் இன்று வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வாப்பா வளைகுடாவிலிருந்து திரும்பிவிட்டார், தங்கைக்குத் திருமணம் பேச வேண்டும், அதற்காகப் படிப்பை விட்டுவிடவும் மனமில்லை. இந்த இரட்டைக் குதிரைச் சவாரியில் எல்லோரும் களைத்துத்தான் போகிறார்கள். ஆனால் எப்படியோ சமாளித்துக் கரை சேர்ந்துவிடுகிறார்கள்.

சிலரால் மட்டும் அது முடிவதே இல்லை. தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள் தெரிந்திருந்தும் தவறிவிடும். முதலாளி சொன்ன 3 வேலையில் 1 நினைவில் நிற்கும். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை ஐந்து முறை படித்தாலும் மனதில் ஏறாது. பைக் சாவி, கல்லூரி அடையாள அட்டை, மொபைல் என ஏதாவது ஒன்று தினமும் தொலையும். வீட்டில் “சோம்பேறி”, “பொறுப்பில்லாதவன்” என்று பெயர் வாங்கி, நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு - மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பழைய எண்ணம். பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேரிடம் இது தொடர்வதாக ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. வளர்ந்த பின் ஓட்டமும் துள்ளலும் குறைந்துவிடும். கவனச் சிதறல், மறதி, நேரத்தைக் கணிக்க முடியாமை, பொறுமையின்மை ஆகியவை தங்கிவிடும்.

“பள்ளியில் நன்றாகத்தானே படித்தான்?” என்று பல தாய்மார்கள் கேட்பார்கள். பள்ளி நாட்களில் எழுப்பிவிட உம்மா இருந்தார். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு. ஒழுங்கை வெளியிலிருந்து யாரோ தந்துகொண்டிருந்தார்கள். வேலையும் கல்லூரியும் சேரும்போது அந்த ஒழுங்கைத் தானே உருவாக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பிடி நழுவுகிறது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் தாமதம். வகுப்பில் குறும்பு செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

முதலில், இது ஏடிஹெச்டிதானா?

இணையத்தில் பத்துக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டு மருந்து தேடுவது சரியல்ல. மனநல மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா? வீடு, வேலை, படிப்பு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா? வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்கின்றனவா? கல்லூரியில் சேர்ந்த பிறகு திடீரென்று தொடங்கிய கவனக்குறைவு வேறு காரணத்தால் வந்ததாக இருக்கலாம். அதனால் முதல் சந்திப்புக்கு உம்மாவையோ மூத்த சகோதரியையோ அழைத்துச் செல்லுங்கள். பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவையும் உதவும்.

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம். இரவு 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும் எவருக்கும் ஏடிஹெச்டி போன்ற அறிகுறிகள் வரத்தான் செய்யும். அதற்கு மருந்து மாத்திரை அல்ல, படுக்கை.

இந்தியாவில் என்ன கிடைக்கிறது?

இணையத்தில் தேடினால் அமெரிக்கர்களின் அனுபவங்களே முதலில் வரும். அவர்கள் அதிகம் பேசும் அட்டெரால் போன்ற ஆம்பெட்டமின் வகை மருந்துகள் இந்திய மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வரவழைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இங்கே மருத்துவர் பெரும்பாலும் இரண்டு மருந்துகளில் ஒன்றைத்தான் முதலில் எழுதுவார்.

ஒன்று மெத்தைல்ஃபெனிடேட். இது ஊக்கி வகை மருந்து. 1944-ல் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலாளர் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் இதை உருவாக்கினார். தன் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்தே அவர் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். 70 ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருப்பதால் இதன் நன்மையும் தீமையும் மருத்துவ உலகுக்கு நன்கு தெரியும். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்கள் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. அதனால் சலிப்பான வேலையிலும் கவனத்தை நிறுத்தி வைக்க முடிகிறது. எடுத்த அன்றே பலன் தெரியும்.

இன்னொன்று அடோமாக்சிடின். இது ஊக்கி அல்ல. அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்றது. இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. தினமும் எடுத்தால் சில வாரங்கள் கழித்துத்தான் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம்கூட ஆகலாம். இதை எடுத்துக்கொண்டவர்களில் பலர் முதல் மாதத்திலேயே “ஒன்றும் நடக்கவில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் தெரியாமல் நிறுத்துவதுதான் இந்த மருந்துக்கு நேரும் பெரிய அநியாயம்.

இவை பொருந்தாதபோது குளோனிடின், புப்ரோபியான் போன்றவற்றை மருத்துவர் யோசிப்பார். அது அவருடைய முடிவு.

“எது வலுவானது?” என்று கேட்காதீர்கள்

மருத்துவரிடம் போகும் பலரும் கேட்கும் கேள்வி இது. வேலையும் படிப்பும் இருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: என் நாளில் எந்த மணி நேரங்களுக்கு மருந்து தேவை?

போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். எப்போது எழுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், வேலையில் அதிகக் கவனம் தேவைப்படும் நேரம் எது, வகுப்பு எப்போது, எப்போது படுக்கிறீர்கள், எந்த நேரத்தில் பைக் ஓட்டுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மருந்தைத் தேர்வு செய்ய மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிதும் உதவும்.

மெத்தைல்ஃபெனிடேட்டில் குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரை ஏறக்குறைய 3 முதல் 4 மணி நேரம் நிற்கும். மெதுவாக வெளியாகும் நீண்ட நேர வகை, தயாரிப்பைப் பொறுத்து, 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலை 8 முதல் 12 வரை மொபைல் கடையில் வேலை, 1:30 முதல் 6 வரை கல்லூரி என்று இருப்பவருக்கு, காலை உணவோடு எடுக்கும் ஒரு நீண்ட நேர மாத்திரை இரண்டையும் ஏறக்குறைய மூடிவிடும். அவர் குறுகிய நேர மாத்திரை எடுத்தால் கடையில் நன்றாக இருந்து, கல்லூரி வாசலில் போய் நிற்கும்போது மருந்து தீர்ந்திருக்கும். மதியம் இரண்டாவது மாத்திரையை நினைவாக எடுக்க வேண்டும். மறதியே நோயாக இருப்பவரிடம் மறக்காமல் மாத்திரை எடு என்று சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

பகல் முழுக்க அலுவலகம், மாலை 6:30 முதல் 9 வரை வகுப்பு என்பவரின் நிலை சிக்கலானது. காலை 7 மணிக்கு எடுத்த மருந்து வகுப்பு தொடங்கும்போது இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இறங்கும் நேரத்தில் சிலருக்கு எரிச்சலும் சோர்வும் வரும். மாலையில் இன்னொரு மாத்திரை எடுத்தால் வகுப்பு நன்றாகப் போகும், இரவு தூக்கம் போய்விடும், மறுநாள் இரண்டும் கெடும். இவருக்கு மருத்துவர் பிற்பகலில் ஒரு சிறிய கூடுதல் அளவைச் சேர்க்கலாம். அல்லது நாள் முழுக்கச் சீராக இருக்கும் அடோமாக்சிடினைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு 2 வாரத்தில் என்று வந்து நிற்பவருக்கு அடோமாக்சிடினை அன்று தொடங்கினால் அந்தத் தேர்வுக்கு உதவாது. செமஸ்டர் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

பைக் ஓட்டும் நேரத்தை எழுதச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. சிகிச்சை பெறாத ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் சாலை விபத்துகள் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. இரவு வகுப்பு முடித்து வீடு திரும்பும் அந்த அரை மணி நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

உடல்நிலையும் தேர்வை மாற்றும். இரண்டு மருந்துகளும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு கூட்டக்கூடியவை. எனவே தொடங்கும் முன் இரண்டையும் எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதய நோய் இருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும், அதைக் கேட்காமலே சொல்லுங்கள். மெத்தைல்ஃபெனிடேட்டில் பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் வழக்கமாக வரும் புகார்கள். ஏற்கெனவே கடும் பதற்றம் உள்ளவருக்கு அது கூடலாம், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆகாது. அடோமாக்சிடினில் குமட்டல், வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும், ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமமோ தாம்பத்தியத்தில் குறையோ வரலாம். கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியிருக்கிறது. கண்ணோ தோலோ மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ, தற்கொலை எண்ணம் தோன்றினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்சிடின், பாராக்சிடின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவை ரத்தத்தில் அடோமாக்சிடின் அளவை உயர்த்திவிடும். கர்ப்பமாக இருக்கும் அல்லது பாலூட்டும் சகோதரிகள் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடிப்பவர்கள், எனர்ஜி டிரிங்க் குடிப்பவர்கள் ஊக்கி மருந்தோடு அதையும் சேர்த்தால் படபடப்பு வரும். பழியை மாத்திரை மேல் போடுவார்கள்.

இது போதை மருந்தா?

நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான், எழுவதும் நியாயம்தான். மெத்தைல்ஃபெனிடேட் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் அடிமையாக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. நோய் உள்ளவர், மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக எடுக்கும்போது அது மயக்கமோ கிளர்ச்சியோ தருவதில்லை. பலர் சொல்வது, “தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பத்து ரேடியோவில் ஒன்பது நின்றுவிட்டது” என்ற மாதிரித்தான். முறையான சிகிச்சை பிற்காலத்தில் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. மார்க்க ரீதியாகச் சந்தேகம் உள்ளவர்கள் ஆலிமிடம் கேட்கும்போது வெறும் “போதை மாத்திரை” என்று சொல்லாமல், நோய், அளவு, விளைவு ஆகியவற்றை மருத்துவர் எழுதிய சீட்டோடு விளக்கிக் கேட்க வேண்டும். கேள்வி தெளிவாக இருந்தால்தான் பதிலும் தெளிவாக வரும்.

தேர்வு நேரத்தில் நண்பனுக்கு இரண்டு மாத்திரை கொடுப்பது உதவி அல்ல. அது சட்டப்படி குற்றம். அந்த நண்பனுக்கு இதயக் கோளாறு இருந்தால் ஆபத்தும்கூட.

கேப்சூலில் உள்ள ஜெலட்டின் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அடோமாக்சிடின் இங்கே கேப்சூலாகவும் மாத்திரையாகவும் வருகிறது. மாத்திரை வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே சொல்லலாம். கேப்சூலைப் பிரித்துத் தூளை மட்டும் உண்ண முயலாதீர்கள், அந்தத் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அதுபோலவே நீண்ட நேர மெத்தைல்ஃபெனிடேட் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. 10 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

நோன்பும் பயணமும்

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை நாம் அறிவோம். ஏடிஹெச்டி உள்ள பலரால் நோன்பும் வைத்து மருந்தும் எடுக்க முடிகிறது. நீண்ட நேர மாத்திரையைச் சஹரில் எடுக்கலாம். ஆனால் அதிகாலை 4:30-க்கு எடுத்தால் பிற்பகலிலேயே தீர்ந்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். கவனம் தேவைப்படும் வேலைகளை முற்பகலுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். குறுகிய நேர மாத்திரையை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எடுப்பவருக்கு ரமலானில் அது சரிவராது, மாற்று ஏற்பாடு வேண்டும். அடோமாக்சிடினை இஃப்தார் உணவுக்குப் பின் எடுக்கலாம், வயிற்றில் உணவு இருந்தால் குமட்டலும் குறையும். தராவீஹ் முடித்து, சஹருக்கு எழுந்து, தூக்கம் துண்டாகிப் போகும் மாதம் அது. ஊக்கி மருந்தால் பசியும் குறைந்திருக்கும்போது சஹர் உணவையும் தண்ணீரையும் தவிர்த்தால் மதியம் தலைவலியும் படபடப்பும் வரும். இதையெல்லாம் ரமலானுக்கு 3 அல்லது 4 வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் நோன்பன்று சொந்தமாக நேரத்தை மாற்றுவதோ, அந்த மாதத்தில் புதிய மருந்தைத் தொடங்குவதோ வேண்டாம். அடோமாக்சிடினை ஒரு மாதம் நிறுத்தினால், பெருநாளுக்குப் பின் பலன் திரும்ப மீண்டும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பயணத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். மெத்தைல்ஃபெனிடேட் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வேலைக்குப் போனாலும், உம்ராவுக்குப் போனாலும், அண்ணனைப் பார்க்கப் போனாலும், அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மருத்துவரின் ஆங்கிலக் கடிதம், மருந்துச்சீட்டு, பில், மருந்தின் அசல் அட்டைப்பெட்டி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இன்னொருவர் மாத்திரையை “அங்கே என் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்” என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். படித்து முடித்ததும் வளைகுடாவுக்குப் போகத் திட்டமிடுபவர் அதையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லலாம். ஊக்கி அல்லாத மருந்தில் தொடங்குவதற்கு அது ஒரு நியாயமான காரணம்.

வாங்குவதும் தொடர்வதும்

மெத்தைல்ஃபெனிடேட் எல்லாக் கடைகளிலும் இருக்காது. சிறு ஊர்களில் தேடி அலைய வேண்டிவரும். மருத்துவர் எழுதும்போதே “இது எங்கே தொடர்ந்து கிடைக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் மாதாமாதம் கிடைக்காத மருந்து எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்குப் பொருந்தாத மருந்துதான். ஒவ்வொரு முறையும் அசல் மருந்துச்சீட்டு தேவைப்படும், மொபைலில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

அளவு குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும். முதல் வாரத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளல்ல. மாத்திரை எடுப்பதை ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு கட்டிவிடுவது எளிது. ஃபஜ்ர் தொழுது, நாஷ்டா சாப்பிடும்போது என்று வைத்தால் தனி அலாரம் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் மாத்திரையை எண்ணிக்கொண்டு கண்காணிப்பதைவிட, ஒரு சிறு நோட்டில் மருந்து எடுத்த நேரம், பலன் தெரிந்த நேரம், இறங்கிய நேரம், தூக்கம், பசி ஆகியவற்றை அவரே எழுத ஊக்கப்படுத்தலாம். அடுத்த சந்திப்பில் “பரவாயில்லை டாக்டர்” என்று ஒற்றை வார்த்தை சொல்வதைவிட அந்த நோட்டு பத்து மடங்கு பேசும்.

மருந்து கவனத்தைத் தரும். அந்தக் கவனத்தை எதில் செலுத்துவது என்று அது சொல்லாது. மாத்திரை எடுத்துவிட்டு 3 மணி நேரம் முழுக் கவனத்தோடு மொபைலில் கிரிக்கெட் பார்த்தவர்களும் உண்டு. நேரத்தைத் துண்டுகளாகப் பிரிப்பது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது போன்றவற்றை உளவியல் ஆலோசகரிடம் கற்றுக்கொள்வது மருந்தின் பலனைக் கூட்டும்.

“வெளியே தெரிந்தால் திருமணப் பேச்சு தடைபடுமே” என்ற பயம் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் தயங்க வைக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைப்பது சிகிச்சை தருபவரின் கடமை. முதலாளியிடமோ கல்லூரியிடமோ மருத்துவமனை தானாகச் சொல்லாது. பெண் அல்லது மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம். அதை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பேச்சு, சிகிச்சையே பெறாமல் மூன்று வேலையை இழந்த நிலையில் நடப்பதைவிட, சிகிச்சை பெற்று ஒரு வேலையில் நிலைத்து நிற்கும்போது நடப்பது எளிது.

தனியார் மருத்துவரிடம் செல்ல வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.